மலைக்கு டெலியா, வைடா? பையில் ஒரு லென்ஸுக்குத்தான் இடம் என்றால்

அதிகாலை நாலு மணிக்குச் சூரியநெல்லியில் ஜீப் ஏறி, உடம்பெல்லாம் குலுங்கக் கொளுக்குமலைக்குப் போனபோது என்னிடம் இருந்தது ஒரே ஒரு லென்ஸ், கேனான் 10-18. விரிந்த காட்சியைப் பிடிக்கும் வைட் லென்ஸ் அது. (எண்கள் மில்லிமீட்டரில்; எண் கூடக்கூடக் காட்சி குறுகி, தொலைவில் இருப்பது பெரிதாகத் தெரியும்.) இயற்கைக் காட்சி என்றாலே வைட் ஆங்கிள்தான் என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள். ஏறத்தாழ 7,900 அடி உயரம். கீழே தேனிப் பக்கம் முழுக்க மேகம் பரந்து கிடந்தது. அதற்குள்ளிருந்து முகடுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தலைநீட்ட, அவற்றின் பின்னாலிருந்து சூரியன் எழுந்தது. மூச்சுவிட மறந்து நின்றேன். ஊருக்கு வந்து திரையில் போட்டுப் பார்த்தால், அந்த மேகமும் மலையும் படத்தின் குறுக்கே ஒரு மெல்லிய கோடு. மீதி இடமெல்லாம் வெறும் வானமும் என் காலடிப் புல்லும்.

அடுத்த வருடம், தூரத்தில் இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும் டெலி லென்ஸான 55-250 எடுத்துக்கொண்டு அதே பாறைக்குப் போனேன். நான் நேரில் பார்த்து வியந்தது அப்போதுதான் படத்தில் வந்தது.

காரணம் எளிய கணக்கு. 10-18 லென்ஸ், ஏபிஎஸ்-சி சென்சார் (35 மி.மீ. ஃபிலிமைவிடச் சிறியது) உள்ள கேமராவில், 10-ல் வைத்தால் கிடைமட்டமாகக் கிட்டத்தட்ட 96 டிகிரியை விழுங்கும். 250-ல் வைத்தால் 5 டிகிரிதான். சூரியனுடைய அகலம் வானத்தில் அரை டிகிரி. அதனால் 10-ல் எடுத்த படத்தில் அது உயரத்தில் 160-ல் ஒரு பங்கு, அதாவது ஒரு புள்ளி. 250-ல் அதே சூரியன் உயரத்தில் ஆறில் ஒரு பங்கை நெருங்கும். தொலைவில் இருக்கும் முகடுகளுக்கும் இதே கதிதான். எட்டுப் பத்து கிலோமீட்டருக்கு அப்பால் அடுக்கடுக்காக நிற்கும் மலைகளை மட்டும் வெட்டியெடுத்து, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்திருப்பதுபோல் டெலி காட்டும். முன் அடுக்கு கருநீலம், அடுத்தது வெளிர்நீலம், கடைசி அடுக்கு புகை. அந்த நிற மாற்றம்தான் மேற்குத் தொடர்ச்சி மலையின் அழகே. (டிஎஸ்எல்ஆர், அதாவது லென்ஸ் வழியாகவே காட்சியைப் பார்க்கும் கேமரா வைத்திருப்பவர்கள் சூரியன் ஏறிய பிறகு டெலி வழியாக வியூஃபைண்டரில் கண்ணை வைக்கவே கூடாது. கண் போய்விடும்.)

சரி, அப்படியென்றால் வைட் வீணா? இல்லவே இல்லை. தனுஷ்கோடிக்கு டெலியை மட்டும் எடுத்துக்கொண்டு போன அன்று அதையும் புரிந்துகொண்டேன். 1964 புயலில் சிதைந்த தேவாலயத்தின் சுவர் முழுசாக ஃபிரேமுக்குள் வர, பின்னால் நடந்துகொண்டே இருக்க வேண்டியிருந்தது. நடக்க நடக்க எனக்கும் சுவருக்கும் நடுவில் ஆட்கள் வந்தார்கள். சுவர் வந்தது, அதைச் சுற்றியிருந்த வெறுமை வரவில்லை. இருபுறமும் கடல், நடுவில் மணல், மேலே வானம் என்றுதானே அந்த இடமே? அந்த விரிவு 55-ல் அடங்கவில்லை.

பிறகு 10-18 உடன் போனபோது, தனுஷ்கோடியின் கடைக்கோடியான அரிச்சல்முனையில் முழங்கால் உயரத்துக்குக் கேமராவை இறக்கினேன். இரண்டடி தூரத்தில், காற்று வரைந்துவிட்டுப் போன மணல் வரிகள். அவை படத்தின் கீழ்ப்பகுதி முழுவதையும் நிறைத்து, பார்ப்பவரின் கண்ணைக் கடல்வரை இழுத்துக்கொண்டு போயின. லென்ஸை 10-ல் வைத்து, அதன் துவாரத்தை எஃப் 11 அளவுக்குச் சுருக்கி, ஒரு மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் செய்தால், அரை மீட்டரிலிருந்து அடிவானம் வரை எல்லாம் தெளிவாக நிற்கும். இந்த லென்ஸ் 22 சென்டிமீட்டர் வரை நெருங்கி ஃபோகஸ் செய்யும் என்பதால் ஒரு சங்கையோ நண்டு வளையையோகூட முன்னால் வைக்கலாம்.

ஆக, வைட் என்பது தொட்டுவிடும் தூரத்தில் ஏதாவது இருக்கும் இடத்துக்கான லென்ஸ். முன்னால் ஒன்றும் இல்லையென்றால் அது படத்தைக் காலியாக்கிவிடும். மலைக் காட்சிமுனைகளில் நமக்கு வருவது அந்தச் சிக்கல்தான். கம்பித் தடுப்புக்குப் பின்னால் நிற்கிறோம், அதற்கப்பால் பள்ளம். ஓரடி முன்னால் போக முடியாது. வண்டி ஓட்டுநர் பத்து நிமிடம் தருவார். உள்ளூர்க்காரராக இருந்தால் நாளைக்கும் வந்து வேறு பாறை தேடலாம். பயணிக்கு அது வாய்க்காது. நகர முடியாத இடத்தில் வேலை செய்வது டெலிதான். வால்பாறைச் சாலையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் எத்தனை முறை வண்டியை நிறுத்தினாலும் இதே நிலைமைதான். ஆனால் எதிர்ச்சரிவில் தேயிலை வரிசைகள் கைரேகைபோல் வளைந்து கிடக்கும், கொழுந்து பறிக்கும் பெண்கள் அதில் சின்னப் புள்ளிகளாக நகர்வார்கள். 200-ல் வைத்து அதை மட்டும் எடுங்கள்.

டெலிக்கும் குறை உண்டு. அது காற்றையும் சேர்த்தே படமெடுக்கும். அதே வால்பாறைச் சாலையில் உள்ள லோம்ஸ் வியூவில் இருந்து மத்தியான வெயிலில் ஆழியாறு அணையை எடுத்தால் வெக்கையில் எல்லாம் நெளியும், சாம்பல் பூசியதுபோல் இருக்கும். மழை பெய்து ஓய்ந்த காலையில் அதே இடம் கண்ணாடிபோல் இருக்கும். அப்புறம் கை நடுக்கம். 10-ல் ஷட்டர் வேகம் 1/15 நொடி போதும், 250-ல் நடுக்கத்தைத் தணிக்கும் ஸ்டெபிலைசேஷன் இல்லாமல் 1/400 வேண்டும். இருட்டு விலகாத நேரத்தில் அது கஷ்டம், தடுப்புக் கம்பியில் சாய்த்தாவது பிடிக்க வேண்டும். லென்ஸின் முன்னால் மாட்டும் போலரைசர் ஃபில்டர் விஷயத்தில் மட்டும் டெலி முந்துகிறது. சூரியனுக்குப் பக்கவாட்டில் திரும்பி அதைச் சுழற்றினால் மூட்டம் குறைந்து ஈர இலைகளின் பளபளப்பு அடங்கும். வைடில் மாட்டினால் வானத்தின் ஒரு பகுதி மட்டும் கருத்து, திட்டுத்திட்டாகத் தெரியும்.

எடையில் பெரிய வித்தியாசம் இல்லை. 10-18 என்பது 240 கிராம், 55-250 (எஸ்டிஎம் வகை) 375 கிராம். இரண்டையும் தூக்க முடிந்தால் யோசிக்கவே வேண்டாம்.

ஒன்றுதான் என்றால், முதலில் டெலி வாங்குங்கள் என்பேன். அதற்கு இரண்டு காரணம். ஒன்று, உங்கள் பாக்கெட்டில் இருக்கும் செல்போனில் இப்போது வைட் கேமரா இருக்கிறது. நல்ல வெளிச்சத்தில் அது மோசமில்லை. அந்த போனில் நல்ல டெலி இருப்பது அபூர்வம். இரண்டாவது, டெலியால் வைடின் வேலையில் பாதியைச் செய்ய முடியும். 55-ல் வைத்து, கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து, மூன்றில் ஒரு பங்கு ஒன்றன்மேல் ஒன்று படியும்படி ஆறேழு படம் எடுத்து ஒட்டினால் அகலமான மலைத்தொடர் கிடைத்துவிடும். அலை அடிக்கும் கடற்கரையில் இது ஒட்டாது, மலையில் அழகாக ஒட்டும். மறுபக்கம் பாருங்கள். 18-ல் எடுத்த 24 மெகாபிக்ஸல் படத்தை 100-க்குச் சமமாக வெட்டினால் மிஞ்சுவது ஒரு மெகாபிக்ஸலுக்கும் குறைவு. அதை அச்சுப் போட முடியாது.

ராமேஸ்வரம் போவதாக இருந்தால் மட்டும் என் பேச்சைக் கேட்காமல் வைடை எடுத்துக்கொண்டு போங்கள். லென்ஸை வண்டிக்குள்ளேயே, கண்ணாடியை ஏற்றிவிட்டு மாட்டிக்கொள்ளுங்கள். அங்கே காற்றில் மணல் மட்டுமல்ல, உப்பும் வரும்.