ஹால் சுவரில் மாட்டிய படங்கள்: பத்து வருஷத்துக்கு மேல் பார்த்த அனுபவம்

ஹாலுக்கு என்ன படம் வாங்கலாம் என்று யாராவது கேட்டால், படத்தைப் பற்றிப் பேசும் முன் நான் கேட்பது ஒன்றுதான்: மத்தியானம் மூணு மணிக்கு உங்கள் ஹாலில் வெயில் எந்தச் சுவரில் விழுகிறது? கடையில் படம் எப்படி இருந்தது என்பது வீட்டுக்கு வந்த சில மாதத்தில் மறந்துவிடும். சுவரும் வெளிச்சமும்தான் கடைசி வரை கூட வரும்.

எங்கள் வீடு திருவான்மியூரில், கடற்கரைக்கு நடந்து போகிற தூரம். மேற்கே பெரிய ஜன்னல். உப்புக்காற்று, ஐப்பசி கார்த்திகையில் ஓதம், கோடையில் சாயங்கால வெயில் என்று ஒரு படத்துக்கு வரக்கூடிய சோதனை எல்லாமே இங்கே உண்டு.

முதலில் தஞ்சாவூர் ஓவியம். வெண்ணெய்த்தாழியோடு உட்கார்ந்திருக்கும் கிருஷ்ணன். வீட்டிலேயே பட்டறை வைத்திருக்கும் தஞ்சாவூர் ஓவியர் ஒருவரிடம் சொல்லி வரைந்தது. பலகையில் துணி ஒட்டி, மக்கு (சுண்ணத் தூளும் பசையும் சேர்த்த கலவை) வைத்து நகையையும் தூணையும் மேடாக எழுப்பி, ஜெய்ப்பூர் கல் பதித்து, 22 காரட் தங்க ரேக்கு (மெல்லிய தங்கத் தகடு) ஒட்டி, அதற்கப்புறம்தான் வண்ணம். அந்தக் காலத்தில் பலாப்பலகை. இப்போது பெரும்பாலும் பிளைவுட். இத்தனை வருஷத்தில் தங்கம் துளி கூடக் கருக்கவில்லை. கிருஷ்ணன் மார்பில் கிடக்கும் பதக்கத்தின் விளிம்பில் இன்றைக்கும் ரேக்கு அப்படியே மடிப்புக் கலையாமல் இருக்கிறது.

பக்கத்திலேயே ஒரு சின்ன தஞ்சாவூர் படம் இருந்தது. கல்யாணத்துக்குப் பரிசாக வந்தது. பார்வைக்கு அதுவும் தகதகவென்றுதான் இருந்தது. நாலைந்து மழைக்காலம் போனதும் ஓரத்தில் பழுப்பேறி, கல் பதித்த இடத்தைச் சுற்றிப் பச்சை கட்டியது. செம்பும் துத்தநாகமும் கலந்த போலி ரேக்கு. உப்புக்காற்றில் அது நிற்காது. தஞ்சாவூர் ஓவியத்துக்கு 2007-08லேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. ஆனாலும் உங்கள் கையில் இருக்கும் படத்தில் ஒட்டியிருப்பது தங்கமா என்பதைக் குறியீடு சொல்லாது. என்ன ரேக்கு, என்ன பலகை என்பதை பில்லிலேயே எழுதி வாங்குங்கள். கூச்சப்படவே வேண்டாம், உண்மையான ஓவியர்கள் சந்தோஷமாக எழுதித் தருகிறார்கள்.

இதை எங்கே மாட்டுவது என்பதில் எங்கள் அத்தை சொன்னதுதான் சரியாக வந்தது. சோபாவுக்கு மேலே என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது, "சாமி படத்துக்குக் கீழ படுத்து உருளுவீங்க, அதெல்லாம் வேண்டாம்மா. எதிர்ச் சுவத்துல மாட்டுங்க, உக்காந்தா கண்ணுல படட்டும்" என்றார். அவர் சொன்னது பக்தியில். ஆனால் படம் பார்க்கிறவர்களுக்கும் அதுதான் சரி. நம் ஊரில் முக்கால்வாசி வீடுகளில் நல்ல படம் சோபாவுக்குப் பின்னால்தான் இருக்கிறது. உட்கார்ந்திருக்கும் யாருமே அதைப் பார்ப்பதில்லை. படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 57 முதல் 60 அங்குலம் என்பது கேலரிக் கணக்கு. அது நின்று பார்ப்பவர்களுக்கு. நாங்கள் உட்கார்ந்து பார்க்கிறவர்கள் என்பதால் ஒரு சாண் இறக்கி மாட்டினோம்.

வெளிச்சத்துக்கு 3000 கெல்வின் மஞ்சள் எல்இடி, பக்கவாட்டிலிருந்து. நேர் எதிரே விளக்கு வைத்தால் மேடு தெரியாமல் எல்லாம் தட்டையாகிவிடும். பக்கத்திலிருந்து விழும்போது ஒவ்வொரு முத்துக்கும் ஒரு பொட்டு நிழல் விழுகிறது; அந்த அழகுக்குத்தானே இவ்வளவு காசு கொடுக்கிறோம்! 6500 கெல்வின் வெள்ளை விளக்கில் தங்கம் வெளிறிப்போகும். கண்ணாடி போட்ட படம், ஜன்னலுக்கு நேர் எதிரே வேண்டாம். பகல் முழுக்க ஜன்னல்தான் தெரியும். பழைய வீடுகளில் படத்தின் மேல்பக்கத்தை முன்னால் சாய்த்து மாட்டுவார்களே, அதையே செய்திருக்கிறோம். பிரதிபலிப்பு குறைந்தது, பின்னால் காற்றும் போகிறது.

அடுத்தது காளஹஸ்தி கலம்காரி. கடுக்காயிலும் எருமைப்பாலிலும் துணியை நனைத்து, வெல்லமும் இரும்பும் ஊறவைத்த கறுப்பில் மூங்கில் குச்சியால் கோடு போட்ட துணி. வாங்கியதிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். சாப்பாட்டு மேசைக்கு மேலே, கிழக்குச் சுவரில், ஜன்னலைப் பார்த்தபடி இருந்தது. கறுப்பும் சிவப்பும் அசையவில்லை. துணியில் வரைந்த மரத்தின் இலைகள்தான் மாறின. நீலத்தின் மேல் மஞ்சள் ஏற்றித்தான் பச்சை வருகிறது. வெயிலில் மஞ்சள் முதலில் போய்விடும். துணியின் ஒரு பாதியில் மரம் பச்சையாகவும், வெயில் பட்ட பாதியில் நீலமாகவும் நின்றது. மியூசியங்களில் துணிக்கும் காகிதத்துக்கும் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) என்ற மங்கலான வெளிச்சம் போதும் என்று வைத்திருப்பதன் காரணம் அப்போது கண்ணெதிரே தெரிந்தது. இப்போது வெயிலே வராத உள்வழியில் இருக்கிறது. இன்னும் பல வருஷம் தாங்கும். இயற்கைச் சாயம் வாங்குகிறவர்கள் இந்த ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் வாங்கிய ரவி வர்மா லட்சுமி அச்சுப்படமும் உண்டு. 1894இல் பம்பாயில் அவர் தொடங்கிய அச்சகம்தான் இப்படிப்பட்ட படங்களை வீடுவீடாகக் கொண்டுபோனது. செட்டிநாட்டு வழக்கப்படி புடவைக்கு ஜிகினாவும் சம்கியும் தைத்திருக்கிறார்கள் யாரோ. இதற்கு எதிரி, காகிதத்தைத் தின்னும் ராமபாணப் பூச்சி. பின்னால் இருந்த பழைய அட்டையை எடுத்துவிட்டு அமிலமில்லாத அட்டை வைத்து, சட்டத்தின் பின்பக்கத்தைக் காகித டேப்பால் அடைத்த பிறகு தொல்லை இல்லை. மழைநீர் ஊறுகிற வெளிச்சுவரில் காகிதப் படத்தை மாட்டவே மாட்டாதீர்கள்.

கேன்வாஸில் அச்சடித்து விற்கும் மூணு துண்டுப் படங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வீட்டுக்கு வந்த வாரத்தோடு கண் அதைப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறது.

கலம்காரி இருந்த வெயில் சுவரில் இப்போது ராஜஸ்தானின் மோலேலாவில் செய்த சுடுமண் பலகை, குதிரைமேல் ஒரு தேவன். நல்ல கனம், சுவரில் துளை போட்டு ஆங்கர் போல்ட்டில்தான் மாட்ட வேண்டியிருந்தது. நாலரை மணி வெயில் அதன்மேல் விழும்போது குதிரையின் கழுத்து சுவரைவிட்டு வெளியே வருகிறது. வெளிற அதில் சாயமே இல்லை. வாரம் ஒருமுறை உலர்ந்த பிரஷால் தூசி தட்டினால் சரி.