டொக்ஸோரூபிசின், கொழுப்புறை, அமிலப் பூட்டு: எது எவ்வளவு தூரம்?

“கட்டிக்குள்ள போய் மட்டும் திறக்கிற மருந்து வந்திருக்காம், எங்களுக்குக் கிடைக்காதா?” திருகோணமலையில் இருந்து மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குக் கீமோவுக்குப் போய் வருபவர்களின் வீடுகளில் இந்தக் கேள்வி அடிக்கடி எழுகிறது.

முதலில் சாதாரண டொக்ஸோரூபிசின், ஒரு கீமோ மருந்து. சிவப்புத் திரவம். ஏற்றிய பிறகு ஒன்றிரண்டு நாள் சிறுநீரும் சிவப்பாகப் போகும், சொல்லாவிட்டால் இரத்தம் என்றே பயந்துவிடுவார்கள். மலிவு, ஆனால் உடம்பெல்லாம் பரவும். சேரச்சேர இதயத்தைப் பாதிப்பதால் ஆயுளுக்கும் சேர்த்தே ஓர் அளவு உண்டு.

அதையே நுண்ணிய கொழுப்புறையில் அடைத்ததற்கு 1995இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இதயத்துக்குச் சேதம் குறைவு. பதிலுக்கு உள்ளங்கையும் பாதமும் சிவந்து தோல் உரியும்.

சூட்டில் திறக்கும் உறையும் உண்டு. கன்னியா வெந்நீரூற்றில் குளித்தால் போதுமா என்று கேட்காதீர்கள், கட்டியையே சூடாக்க வேண்டும்! ஈரல் புற்றுநோயில் செய்த பெரிய பரிசோதனை 2013இல் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை.

இனி அமிலம் பட்டால் திறக்கும் பூட்டு. புற்றுநோய்ச் செல்கள் சர்க்கரையை லாக்டிக் அமிலமாக்கி வெளியே தள்ளும். இரத்தத்தின் பிஎச் 7.4 (இந்த எண் குறையக் குறைய அமிலம் கூட), கட்டியைச் சுற்றி ஏறத்தாழ 6.5 முதல் 6.9. அமிலம் சுமார் ஐந்து மடங்குதான் கூட. அதை நம்பிப் பூட்டைச் செய்வது கஷ்டம். இரத்தக் குழாயை விட்டுத் தள்ளிப் போகப்போகத்தான் அமிலம் கூடும், மருந்து போய்ச் சேரச் சிரமப்படுவதும் அங்கேதான். போதாக்குறைக்குச் சாதாரண வீக்கத்திலும் அமிலம் ஏறும்.

செல்லின் உள்ளே கதை வேறு. லைசோசோம் என்ற பையில் பிஎச் 5க்கும் கீழே இறங்கும், அதாவது இரத்தத்தை விட 250 மடங்குக்கு மேல் அமிலம். நோயாளிகள்வரை வந்த அமிலப் பூட்டு மருந்துகளில் இதை நம்பியவையும் உண்டு. இரத்தப் புற்றுநோய்க்கான மைலோடார்க் 2000இல் வந்து, 2010இல் விலக்கப்பட்டு, அளவைக் குறைத்து 2017இல் திரும்பியது. மார்பகப் புற்றுநோயில் ஒரு வகைக்கு 2020இல் வந்த ட்ரோடெல்வியில், கட்டியைத் தேடிப் பிடிப்பது ஆன்டிபாடி என்ற புரதம், அமிலத்தில் அவிழ்வது அதையும் மருந்தையும் கட்டியிருக்கும் இணைப்பு. அதுவும் வெளியிலேயே கொஞ்சம் அவிழும், வயிற்றோட்டமும் வெள்ளணுக் குறைவும் வரும். என் ஓட்டு இந்த ஜோடிக்குத்தான், அமிலத்தை மட்டும் நம்பும் உறைக்கு இல்லை.

அப்புறம், தேசிக்காயை நிறுத்துவதோ அல்கலைன் தண்ணீர் குடிப்பதோ கட்டியின் அமிலத்தை மாற்றாது. டொக்ஸோரூபிசின் ஏற்றுபவர்கள் கிளினிக்கில் கேட்க வேண்டியது: இதுவரை மொத்தம் எவ்வளவு ஏறியிருக்கிறது, இதயத்தைப் பார்க்கும் அடுத்த எக்கோ ஸ்கேன் எப்போது?