வாசிப்பு வட்டமா, தோட்டக் குழுவா?

மூத்தோர் குடியிருப்புக்குப் புதிதாக வருகிறவர்கள் பலர் இந்த இரண்டில் எதில் சேர்வது என்று தயங்குகிறார்கள்.

செலவு: வாசிப்புக்கு நூலகப் புத்தகமே போதும். தோட்டத்துக்கு விதை, மண், உரம் என்று அவ்வப்போது காசு போகும்.

உடல்நிலை: பார்வை மங்கினால் 16 புள்ளி (பாயின்ட்) எழுத்தளவில் அச்சிட்ட பெரிய எழுத்துப் புத்தகமோ ஒலிப்புத்தகமோ கைகொடுக்கும். தோட்டத்தில் குனியாமல் வேலை செய்ய இடுப்பு உயரப் பாத்தி உதவும்; அது இல்லையென்றால் மூட்டுவலிக்காரர்கள் நீண்ட கைப்பிடிக் கருவிகளை வைத்தோ உட்கார்ந்தபடியோ வேலை செய்யலாம்.

பழக்கம்: இங்கேதான் தோட்டம் முந்துகிறது. வட்டமாக உட்கார்ந்து கருத்துச் சொல்வது எல்லோருக்கும் வராது. தண்ணீர் ஊற்றும்போது பக்கத்திலிருப்பவர் "இந்த இலை ஏன் சுருண்டிருக்கு?" என்று கேட்டால் போதும், பேச்சு தானாக வளரும்.

நேரம்: புத்தகம் காத்திருக்கும், செடி காத்திருக்காது.

கூச்சமுள்ளவர்கள், துணையை இழந்து தனியாக வந்தவர்கள் தோட்டத்துக்குப் போகலாம். அடிக்கடி வெளியூர் போகிறவர்களுக்கும் விவாதப் பிரியர்களுக்கும் வாசிப்பு வட்டம்தான் சரி.