பஸ் கண்ணாடி அதிர ஒரு இலவச சின்த்

வைட்டல் என்பது கம்ப்யூட்டரிலேயே சத்தங்களை உருவாக்கும் ஒரு சின்தசைசர் மென்பொருள், அதை மேட் டைட்டெல் 2020-ல் வெளியிட்டார். இலவசப் பதிப்பில் பிரீசெட், அதாவது தயாராக அமைத்து வைத்த சத்தங்கள், கம்மிதான், ஆனால் அடிவயிற்றில் அதிரும் சப் பேஸுக்குப் பிரீசெட் எதற்கு, வழுவழுப்பான ஒரு சைன் அலை போதும்.

எனக்கு ஊர் கேரளாவில் பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறை. தெரிந்த பையன் ஒருவன் டூரிஸ்ட் பஸ் ஓட்டுகிறான், அவன் ஒரு டிராக் கேட்டான். கேரளா டூரிஸ்ட் பஸ்ஸில் ஏறியவர்களுக்குத் தெரியும், மெட்டு எப்படி என்று எவனும் கேட்க மாட்டான், சீட்டு அதிருதா என்றுதான் பார்ப்பான்.

வைட்டலைத் திறந்ததும் வருவது ரம்பப் பல் மாதிரியான சா அலை. பேசிக் ஷேப்ஸ் என்ற அலைத் தொகுப்புக்கு மாற்றினால் முதலில் சைன் நிற்கும். ஏ1 சுரம், 55 ஹெர்ட்ஸ். கேட்டால் ஒரு அடி கிக் டிரம்மோடு சேர்ந்து தொம்மென்று விழுகிறது, அடுத்த அடி சப்பென்று போகிறது. கிக்கில்தான் கோளாறு என்று இரண்டு ராத்திரி, பேஸ், ட்ரெபிளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூவைத் திருகிக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால் வைட்டலில் அலையை உண்டாக்கும் ஆசிலேட்டரில் ஃபேஸ் ரேண்டம் 100 சதவீதத்தில் இருக்கிறது, அதாவது ஒவ்வொரு முறையும் அலை வேறு வேறு இடத்தில் தொடங்கி, சில நேரம் கிக்கையே அடித்துச் சாப்பிட்டுவிடுகிறது. பூஜ்யத்தில் வைத்ததும் சரியாகிவிட்டது. மெட்டு வாசிக்கும் லீட், பின்னால் நீளமாகப் படரும் பேட் மாதிரி சத்தங்களுக்கு அந்த ரேண்டம் நல்லதுதான், சப்புக்கு ஆகாது.

அடுத்த கூத்துக்கு வைட்டல் பொறுப்பில்லை. என் அறை பத்தடி நீளம். அந்த நீளத்துக்கு 55 ஹெர்ட்ஸை ஒட்டியே சத்தம் தேங்கும்: சுவரோரம் குமுறும், நடுவில் ஆளையே காணோம். என் நாற்காலி சரியாக நடுவில்! பேஸ் பத்தவில்லை, பத்தவில்லை என்று ஏற்றிக்கொண்டே போயிருக்கிறேன், பக்கத்துச் சுவரோரம் பீரோக் கதவு மட்டும் கிடுகிடுவென்று ஆடுகிறது. பிறகு ஹெட்போனில் கேட்டு 6 டெசிபல் குறைத்தேன்.

அப்புறம் போன். அந்தத் துளியூண்டு ஸ்பீக்கரில் 55 ஹெர்ட்ஸ் எங்கே வரும்? வைட்டலிலேயே டிஸ்டார்ஷன் இருக்கிறது, அதில் அலையின் உச்சியை மெல்ல மழுக்கும் சாஃப்ட் கிளிப்பைக் கொஞ்சமாக ஏற்றினால் 165, 275 என்று மேலே ஒற்றைப்படை மடங்குகள் முளைக்கும், அதைப் பிடித்துக்கொண்டு கீழே இல்லாத சுரத்தைக் காதே கற்பனை செய்துகொள்ளும். ரொம்ப ஏற்றினால் சப் போய் உறுமல்தான் மிஞ்சும், ஜாக்கிரதை.

பஸ்ஸில் போட்டுப் பார்த்தோம், பின் கண்ணாடி நடுங்கியது. பையன் திரும்பிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் ஏத்த முடியுமாண்ணா?" என்றான்.