இறுகிய வைப்பர் கையைச் சுத்தியலால் கழற்றும் பட்டறைகள்: ஓர் எச்சரிக்கை

திருவான்மியூர், பெசன்ட் நகர் போன்ற கடலோரப் பகுதிகளில் காரை வெட்டவெளியில் நிறுத்துபவர்கள் இதை அவசியம் படிக்க வேண்டுகிறேன். பல கார்களில் வைப்பர் கையின் அடிப்பகுதி அலுமினிய வார்ப்பாகவும், அது அமரும் தண்டு நுண்ணிய பற்கள் வெட்டிய எஃகாகவும் இருக்கும். இவ்விரண்டுக்கும் நடுவே உப்பு ஈரம் புகுந்தால், அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகப் பூத்து இடுக்கை அடைத்துவிடுவதால், நட்டைக் கழற்றிய பிறகும் கை அசைந்து கொடுக்காது.

ஸ்பிரிங் தளர்ந்த வைப்பர் கையை மாற்றுவதற்காக எங்கள் பகுதியில் பெயர்பெற்ற பட்டறை ஒன்றில் காரை விட்டேன். மாலையில் போய்ப் பார்த்தால், முன்கண்ணாடியின் கீழ் ஓரத்திலிருந்து விரல் நீள விரிசல் ஒன்று மேலேறியிருந்தது. அதற்குக் கீழேயுள்ள கறுப்பு பிளாஸ்டிக் தட்டியில் ஸ்குரூடிரைவர் வைத்து நெம்பிய பள்ளம் அப்படியே பதிந்திருந்தது. தண்டின் மரை சுத்தியல் அடியில் நசுங்கியிருந்தது. கை மட்டும் கழலவே இல்லை. விரிசல் முன்பே இருந்தது என்று சாதித்தவர்கள், காலையில் காரை ஒப்படைக்கும்போது நான் எடுத்த படத்தைக் காட்டியதும், "பழைய வண்டின்னா இப்படித்தான் சார்" என்று பேச்சை மாற்றினார்கள். தாங்களே நசுக்கிய தண்டுக்காக மோட்டாரின் அசைவை வைப்பர்களுக்குக் கொண்டுசேர்க்கும் லிங்கேஜ் முழுவதையும் மாற்ற வேண்டும் என்று என்னிடமே பணம் கேட்டதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

பிறகு வேறொரு மெக்கானிக் அதே கையை அடிக்காமல் கழற்றினார். துரு இளக்கும் எண்ணெயைத் தெளித்து ஊறவிட்டு, இறுகிய பாகத்தை இழுத்துக் கழற்றும் கருவியான சிறிய புல்லரின் இரு கொக்கிகளையும் கையின் அடியில் மாட்டி, நடுத் திருகைத் தண்டின் தலையில் நிறுத்திக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினார். சட்டென்று ஒரு சத்தத்தோடு கை விடுபட்டது. மரை நல்ல நிலையில் இருந்தால், நட்டை முழுவதும் எடுக்காமல் சில சுற்று மட்டும் தளர்த்தி வைக்க வேண்டும் என்றும், அதுவே மரையைக் காத்து, கை தெறித்துக் கண்ணாடியில் விழாமலும் தடுக்கும் என்றும் விளக்கினார்.

ஆகவே, புல்லர் இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். இல்லையென்றால் காரை விடாதீர்கள். கண்ணாடியின் கீழ் ஓரம் தெரியும்படி படம் எடுத்து, வேலைச் சீட்டில் அதன் நிலையை எழுதி வாங்குங்கள். கண்ணாடிக்கான செலவைக் கேட்டு அந்தப் பட்டறைக்கு எழுத்து மூலம் கடிதம் கொடுத்திருக்கிறேன். மறுத்தால் நுகர்வோர் ஆணையத்தில் புகார் அளிப்பேன்.