ஹோல்டு மியூசிக் கேட்கவில்லையா? கார்டை மாற்றச் சொன்னால் உஷார்

கோயம்புத்தூரில் மோட்டார் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். விலை கேட்டு போன் வந்தால் ஹோல்டில் போட்டுவிட்டு குடோனில் பார்த்துச் சொல்வோம். திரும்பி வந்தால் பாதிப் பேர் போனைக் கட் பண்ணிவிட்டிருப்பார்கள். "லைன் கட்டாயிடுச்சுன்னு நெனச்சேங்க" என்றார் பொள்ளாச்சிக்காரர் ஒருவர். என் செல்லிலிருந்து கடைக்கு அடித்துப் பார்த்தேன். ஹோல்டில் பாட்டு ஓடுகிறது, ஆனால் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி.

கடையின் போன் சிஸ்டத்தை (லைன்களை இணைத்து ஹோல்டு, பாட்டு எல்லாம் தரும் பெட்டி) மாட்டிக் கொடுத்தவர்களையே கூப்பிட்டேன். வந்த பையன், பெட்டிக்குள் லேண்ட்லைன் வந்து சேரும் கார்டின் கெயினை, அதாவது ஒலியைப் பெருக்கும் அளவை, கூட்டிவிட்டுப் போனான். பாட்டு கொஞ்சம் ஏறியது, கூடவே எதிரொலியும் வந்தது. நான் பேசுவது எனக்கே திரும்பக் கேட்கிறது. மறுபடி கூப்பிட்டால், "கார்டு வீக் சார், மாத்தணும்." 9,800 ரூபாய், ஜிஎஸ்டி சேர்த்து 11,564. கொடுத்தேன். புதுக் கார்டு வந்ததும் எதிரொலி போனது, பாட்டு பழையபடி கிணற்றுக்குள் போய்விட்டது.

கடைசியில் கண்டுபிடித்தது அக்கா பையன். "மாமா, உங்க குரலும் அதே கார்டு வழியாத்தானே போகுது? அது நல்லாக் கேக்குதுல்ல?" என்றான். பதினோராயிரத்தை எண்ணிக் கொடுக்கும்போது எனக்கு இது தோன்றவில்லை.

சிஸ்டத்திலிருந்த பாட்டு ஃபைலை எடுத்து ஆடாசிட்டியில் திறந்தான். இலவச மென்பொருள்தான். அலை மேலும் கீழும் எழும்ப வேண்டிய இடத்தில் நூல் மாதிரி ஒரு கோடு. பதிவே அவ்வளவு சன்னம். நார்மலைஸ் (பதிவு முழுவதன் ஒலியையும் ஒரே அளவில் உயர்த்தும் வசதி) கொடுத்து உச்சத்தை மைனஸ் 3 டெசிபலுக்குக் கொண்டுவந்தான். அதற்கு மேல் தள்ளினால் போனில் கரகரக்குமாம். பிறகு போன் சிஸ்டத்துக்கு ஏற்றபடி மோனோ, 8000 ஹெர்ட்ஸ், 16 பிட் வேவ் ஃபைலாக்கி ஏற்றினான். பத்து நிமிஷ வேலை. (சாதாரண போன் லைனில் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் போகும். மிருதங்கத்தின் தொப்பி (கனத்த ஒலி தரும் பக்கம்) ஒலி பெரும்பாலும் காணாமல் போய்விடும், புல்லாங்குழல் பரவாயில்லை.)

உங்கள் கடையிலும் இப்படியென்றால், வெளியிலிருந்து செல்லில் அடித்துப் பாருங்கள். குரல் தெளிவாக இருந்து பாட்டு மட்டும் சன்னமாக இருந்தால் முதலில் ஃபைலைப் பாருங்கள். கார்டை மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால், கழற்றியதைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். என்னுடையதைத் திருப்பிக் கேட்டபோது "ஸ்கிராப்ல போட்டாச்சு சார்" என்றார்கள். பில்லில் சீரியல் நம்பர்கூட இல்லை.