சிவப்புப் பட்டை மாக்சியில் மூன்று வருடம்

கரீபியன் தீவான டிரினிடாட்டின் தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் வீடு, செயின்ட் அகஸ்டினில் ஆராய்ச்சிப் படிப்பு என்றதும், டிரினிடாட்காரர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: முதலில் கார் வாங்கு. நான் வாங்கவில்லை. மூன்று வருடம் மாக்சி எனப்படும் தனியார் மினிபஸ்ஸிலேயே போய்வந்தேன்.

வெஸ்ட் இண்டீஸ் பல்கலைக்கழகத்தின் இந்த வளாகம் தலைநகருக்குக் கிழக்கே சுமார் 12 கி.மீ. தூரத்தில் இருக்கிறது. பழைய வெப்பமண்டல வேளாண் கல்லூரிதான் 1960இல் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. கோஸ்டாட் என்ற அரசுக் கல்லூரியில் படிப்பவர்களுக்கு நகருக்குள்ளேயே வகுப்பு உண்டு. எனக்கோ தினமும் சிட்டி கேட்.

சிட்டி கேட் என்பது பழைய ரயில் நிலையம், இப்போது பேருந்தும் மாக்சியும் கிளம்பும் இடம். 1968இல் ரயில் நின்றுபோனது. தண்டவாளம் கிடந்த தடத்தில் கிழக்கே அரிமா என்ற ஊர் வரை பேருந்துக்கென்றே தனிச்சாலை போட்டுவிட்டார்கள். அதில் அரசுப் பேருந்தும் மாக்சியும் போகலாம். அனுமதிச் சீட்டு இல்லாத கார் போகக்கூடாது. பக்கத்து நெடுஞ்சாலையில் கார்கள் ஊர்ந்துகொண்டிருக்கும் நேரத்தில் நாங்கள் பறந்துகொண்டிருப்போம். கார் வாங்காததற்கு முழுக் காரணமும் இதுதான். இன்னொரு வசதி, காலையில் ஊரே கிழக்கிலிருந்து நகருக்குள் வரும். நான் எதிர்த்திசையில் போவேன். உட்கார இடத்துக்கு அடிதடி இல்லை.

மாக்சியின் உடம்பில் ஓடும் பட்டையின் நிறம்தான் வழித்தடம். மஞ்சள் மேற்கே, சிவப்பு கிழக்கே, பச்சை நடுப்பகுதிக்கும் தெற்குக்கும். கிழக்கு என்றாலும் கேட்டுத்தான் ஏற வேண்டும்: சில சிவப்பு மாக்சிகள் தனிச்சாலையில் போகும், சில ஈஸ்டர்ன் மெயின் ரோட்டில் கடை கடையாக நின்று போகும். முதல் வாரம் கேட்காமல் ஏறி, கருத்தரங்குக்குத் தாமதமாகப் போய் நின்றேன்.

ஏறும்போது "குட் மார்னிங்" சொல்ல வேண்டும். யாரையும் குறிப்பிட்டு இல்லை, வண்டிக்கே பொதுவாக. சொல்லாமல் உட்கார்ந்தால் பாட்டிகள் திரும்பிப் பார்ப்பார்கள். அப்புறம் வண்டிக்குள் நடுவழியில் இருக்கும் மடக்கு இருக்கை. பின்னால் ஒருவர் இறங்க வேண்டுமென்றால் வழியில் இருப்பவர்கள் ஒவ்வொருவராக எழுந்து மடக்கி வழி விடுவார்கள். சீக்கிரம் இறங்குகிறவர் பின்வரிசைக்குப் போகாதீர்கள்.

அரசுப் பேருந்துக்குச் சீட்டை முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டும். வண்டியில் காசு செல்லாது. ஒரு கட்டுச் சீட்டைப் பையில் வைத்திருப்பேன், முதலில் எது வருகிறதோ அதில் ஏற.

இவ்வளவும் பகல் கதை. முதுநிலை வகுப்புகள் பல, வேலைக்குப் போகிறவர்களுக்காக மாலையில்தான் நடக்கும். எட்டு மணிக்கு வெளியே வந்தால் மாக்சி அரிது. வந்தாலும் ஆள் நிரம்பும்வரை நகராது. அப்போது ‘பிஹெச்’ வந்து நிற்கும். ‘ஹெச்’ என்று தொடங்கும் எண்பலகை வாடகை வண்டிக்கு, ‘பி’ சொந்த வண்டிக்கு. சொந்த வண்டியை வாடகைக்கு ஓட்டினால் பிஹெச். சட்டப்படி தவறு, ஆனால் ஊரே ஏறுகிறது. ஒரு மழை இரவில் நானும் ஏறினேன். சாலையில் வெள்ளம் என்று சொல்லி ஓட்டுநர் பாதிவழியில் இறக்கிவிட்டார், முழுக்காசும் வாங்கிக்கொண்டு. அதற்குப் பிறகு வகுப்பில் நகரத்துக்குப் போகும் நான்கு பேர் சேர்ந்தேதான் கிளம்புவோம்.

மாலை வகுப்பு அதிகம் என்றால் தலைநகரில் வீடு பார்க்காதீர்கள், குரேப்பில் அறை எடுங்கள். வளாகத்துக்கு நடந்தே போகலாம். சந்திப்பில் டபுள்ஸ் கிடைக்கும், பரா என்ற பொரித்த மெல்லிய ரொட்டி இரண்டுக்கு நடுவே கொண்டைக்கடலை. மிளகாய் "ஸ்லைட்" என்று சொல்லி வாங்குங்கள். நம் ஊர் நாக்குதானே என்று நான் நினைத்தது தப்பு.